நிபுணர் வந்தார், விரிசல் போயிற்று

கூரையில் வெடிப்பு கண்டால் எங்கள் ஊரில் முதலில் கூப்பிடுவது மேஸ்திரியை. அவர் வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறுவார். பூச்சை நகத்தால் கீறுவார். ‘கம்பிக்குக் கீழ கவரே விடல சார். கம்பி துருப்பிடிச்சு ஊதிக்கிச்சு, அதான் சிலாப்பைத் தள்ளுது’ என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். காசும் கேட்கமாட்டார். அதனால்தான் அவர் சொல்வது கோர்ட்டில் செல்லாது. அதே கூரையை ஏசி காரில் வந்து பார்த்து, நாற்பது பக்கத்தில், ஸ்பைரல் பைண்டிங்கில், கலர் போட்டோ ஒட்டி, கம்பிக்குக் கீழே இருக்கவேண்டிய கான்கிரீட் கவரை மட்டும் சாமர்த்தியமாகத் தாண்டிப்போய் எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நிபுணர் சாட்சி.

நான் பாலசமுத்திரத்துக்காரன். 1960-ல் படாஸ்கர் என்ற நிபுணரின் சொல்படி மாநில எல்லைக் கோடு போட்டபோது திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, நாங்கள் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் நின்றோம். வீட்டில் பேசுவது தமிழ், பட்டாவில் இருப்பது தெலுங்கு, வழக்கு என்று வந்துவிட்டால் ஆங்கிலம். இந்த மூன்றிலும் எங்களுக்கு விளங்காத ஒரே பகுதி நிபுணர் அறிக்கையின் கடைசிப் பக்கம்தான்.

இங்கே பாதிப் பேருக்கு ஒரே வாழ்க்கைத் திட்டம். தோட்டாபுரி மாந்தோப்பில் ஒரு துண்டை விற்பது, பிள்ளைகள் படிப்புக்கென்று திருப்பதியில் ஒரு ஃபிளாட் வாங்குவது. என் பெரியப்பாவும் அதைத்தான் செய்தார். ரிட்டையரான வாத்தியார், கணக்கு வாத்தியார். பால்கனியில் நின்றால் ஏழுமலை தெரியும் என்று விளம்பரத்தாளில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை, மலை தெரிந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஹால் கூரையில் கம்பியும் தெரிந்தது.

கட்டியவர்களிடம் போய்ச் சொன்னார். ‘ஹேர்லைன் கிராக் சார், பெயிண்ட்ல வர்றது’ என்றார்கள். அடுத்த வருடம் விரிசலுக்குள் ஒரு ரூபாய் நாணயம் போனது. ‘புது பில்டிங் சார், செட்டில் ஆகுது’ என்றார்கள். அதற்கடுத்த வருடம் பேரன் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. ‘இன்னும் ஒரு மழை பாத்துட்டு ஒரேயடியா பண்ணிடலாம் சார்’ என்றார்கள். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு புரியக் கொஞ்சம் நாளாயிற்று. ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிய வந்து சொன்னால், கட்டியவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்துகொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே கட்டுநர்கள் மழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து மழையை ஓட்டிவிட்டால் மோட்சம்.

ஐந்தாவது மழைக்கு முன்னால் பெரியப்பா புகார் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் நிபுணர்கள் வந்தார்கள்.

கட்டுநர் தரப்பு நிபுணர் கையில் ஒரு கருவி. டார்ச் லைட் அளவில் ஒரு குழாய், முனையில் ஒரு தண்டு. தூணில் வைத்து அமுக்கினால் உள்ளே வில் தெறித்து ‘டக்’ என்று ஒரு சத்தம், பக்கத்தில் ஒரு எண். ரீபவுண்டு ஹாமர் என்பார்கள். அடித்த சுத்தி எவ்வளவு துள்ளித் திரும்புகிறதோ அதை வைத்து கான்கிரீட்டின் வலுவை ஊகிக்கிற சங்கதி. வீட்டில் எல்லோரும் பூஜை பார்ப்பதுபோல் நின்றார்கள். டக், டக், டக். உதவியாளர் எண்களை எழுதிக்கொண்டார். பெரியம்மா பயபக்தியோடு மோர் கொடுத்தார்.

இந்தக் கருவியைப் பற்றி நம் இந்தியத் தரநிலையே என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? இதை வைத்து வலுவைக் கணிப்பது அவ்வளவு துல்லியமானதல்ல, கணிப்பு 25 சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம் என்கிறது. எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். ஆனால் நேர்மையை நம்மிடம் கொடுத்தால் என்ன செய்வோம்? எம்20 என்று சொல்லி ஊற்றிய கான்கிரீட், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கருவி 20 என்று காட்டினால், நிஜத்தில் அது 15 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். வீட்டுக்காரரின் நிபுணர் 15-ஐ எடுத்துக்கொள்வார், கட்டுநரின் நிபுணர் 25-ஐ எடுத்துக்கொள்வார். இருவரும் பொய் சொல்லவில்லை! ஒரே தூண், ஒரே கருவி, ஒரே எண். சத்தியம் மட்டும் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி ஃபீஸ்.

சரி, சுத்தி வேண்டாம், தூணைத் துளைத்து உருளையாக வெட்டி எடுத்துப் பரிசோதிப்போம் என்றால் அங்கே இன்னொரு கூத்து. ஐஎஸ் 456 என்கிற கான்கிரீட் தரநிலையின் கணக்கில், வெட்டி எடுத்த உருளைகளின் சராசரி வலு, வேண்டிய வலுவில் 85 சதவீதம் இருந்தால் போதும், தனி உருளை எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது. வெட்டும்போது உருளைக்குக் கொஞ்சம் சேதம் வரும், அதற்கான விட்டுக்கொடுப்பு அது, நியாயமானது. ஆனால் எந்தத் தூணில் வெட்டுவது என்று எந்தத் தரநிலையும் பெரியப்பாவின் காதில் சொல்லவில்லை. நிபுணர் சொன்னார். பெரியப்பாவின் ஃபிளாட் மூன்றாவது மாடி. நிபுணர் வெட்டிய தூண், தரைத்தளத்தில் கட்டுநரின் விற்பனை அலுவலகத்தை ஒட்டி, டைல்ஸ் பதித்து, பிள்ளையார் படம் மாட்டியிருந்த தூண்.

‘சார், விரிசல் மேல இருக்கு’ என்றார் பெரியப்பா.

‘லோடு கீழதான் சார் வருது’ என்றார் நிபுணர்.

இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குத் தனியாகக் கட்டணம் கொடுக்கலாம். விஞ்ஞானமாகவும் இருக்கிறது, கேட்டதற்குப் பதிலும் இல்லை.

அறிக்கை வந்தது. பெரியப்பா வீட்டு விரிசல்கள் அதில் ஒவ்வொன்றாக மறைந்தன. சில ‘சுருக்க விரிசல்’ ஆயின, சில ‘வெப்ப விரிசல்’ ஆயின. துருப்பிடித்த கம்பிக்குக் காரணம் ‘பயன்பாட்டாளர் பராமரிப்பின்மை’ என்று கண்டுபிடித்திருந்தார். மொட்டைமாடியில் பெரியம்மா துளசிச் செடி வைத்திருந்தார், அதற்குத் தண்ணீர் ஊற்றினார், அந்தத் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் தின்றது. நாற்பது பக்கத்திலும் முழு நிச்சயத்தோடு எழுதப்பட்ட முடிவு அது ஒன்றுதான். துளசி மேல் வழக்குப் போடாதது அவருடைய பெருந்தன்மை.

மேஸ்திரி அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, போட்டோ தெரியும். ஒரு படத்தில் விரலை வைத்தார். ‘இதுல பாருங்க, கம்பிக்குக் கீழ கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லி முட்டுக் குடுத்திருக்காங்க. ஊத்தும்போது ஆளு மிதிச்சா ஜல்லி நகந்துடும், கம்பி சென்ட்ரிங் பலகை மேலயே படுத்துக்கும். அவரே போட்டோ எடுத்து வெச்சிருக்காரே சார்?’ எடுத்துத்தான் வைத்திருக்கிறார். பக்கம் 23, படம் 17. அதற்குக் கீழே எழுதியிருந்தது: ‘கூரையின் பொதுத் தோற்றம்.’

கோர்ட்டுக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது ஆணை, 9-ஆவது விதிப்படி ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்புவார்கள். அவர் சட்டம் படித்தவர். விரிசலைத் துணிக்கடை டேப்பால் அளப்பார். நீளம் எழுதுவார், அகலம் எழுதுவார். ஆழத்துக்கு டேப் போகாது, அதை விட்டுவிடுவார். ஆணையர் வரும் தேதி இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்படும், அது இயற்கை நீதி. அந்தத் தேதிக்கு முதல்நாள் பட்டி பூசி, பெயிண்ட் அடிக்க ஆள் வருவான், அது செயற்கை நீதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்பார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 3 மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது, பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம். அதாவது, உன் தலைமேல் விழுந்தது கான்கிரீட்தானா என்று நிரூபிக்க நீதான் பணம் கட்ட வேண்டும். விழவைத்தவர் தன் நிபுணருக்கு மட்டும் கொடுத்தால் போதும். அந்தச் செலவும் அடுத்த திட்டத்தின் சதுர அடி விலையில் ஏறிவிடும். அடுத்த வாத்தியார் கட்டுவார்.

இந்தக் கலை நாம் கண்டுபிடித்ததல்ல, அந்தப் பெருமை வேண்டாம். 1782-ல் இங்கிலாந்தில் வெல்ஸ் என்ற துறைமுகம் மண்மேடிட்டுப் போனதற்கு ஒரு கரை கட்டியதுதான் காரணமா என்ற வழக்கு. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன் சாட்சி சொல்ல வந்தார். கண்ணால் பார்த்ததைச் சொல்வதல்லவா சாட்சி, இவர் கருத்துச் சொல்கிறாரே என்று எதிர்த்தார்கள். மான்ஸ்ஃபீல்டு பிரபு, இந்த மனிதருக்குத் தெரியும், சொல்லட்டும் என்றார். நிபுணர் சாட்சி என்கிற ஏற்பாட்டின் ஊற்றுக்கண் அது. பிறந்ததே ஒரு கட்டுமானத் தகராறில். ஸ்மீட்டன் கட்டத் தெரிந்தவர், அதனால் பேசினார். அதற்கு நூறு வருடம் ஆவதற்குள்ளேயே, 1876-ல், ஸ்கேட்டிங் அரங்கு ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி ஜெஸ்ஸல் வெறுத்துப்போய்ப் பேசினார். கட்சிக்காரர்கள் ஆறு நிபுணரிடம் போகிறார்கள், சாதகமாகச் சொன்ன மூன்று பேரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள், பாதகமாகச் சொன்ன மூன்று பேருக்கு ஃபீஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், எதிர்த்தரப்பும் அதையே செய்கிறது என்றார். ஒரு வழக்கில் தாங்கள் விரும்பியதைச் சொல்லும் ஒருவரைப் பிடிக்க 68 பேரிடம் போனார்களாம், அதையும் சொன்னார். பாவம், அந்தக் கட்சிக்காரர்கள் 68 வாசல் ஏறினார்கள். இங்கே முதல் வாசலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. பொருளாதார வளர்ச்சி என்பது இதுதான்.

நம் சாட்சியச் சட்டம் 1872-ல் இதை 45-ஆம் பிரிவாக எழுதி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பெயர் மாறி பாரதிய சாக்ஷிய அதினியம் ஆயிற்று, பிரிவு 39 ஆயிற்று. எண் மாறியதில் பழைய நிபுணர்கள் சிலர் விசிட்டிங் கார்டைத் திரும்ப அச்சடித்திருக்கலாம். வேறு மாற்றம் என் கண்ணுக்குப் படவில்லை.

நிபுணர்கள் எல்லோரும் விலைக்கு வந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியிருந்தால் இது சுலபமான விஷயம், போலீஸ் பார்த்துக்கொள்ளும். குருகிராமில் 2022 பிப்ரவரி 10 அன்று சின்டெல்ஸ் பாரடைசோ அடுக்குமாடியில் ஆறாம் மாடியில் தொடங்கிக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இரண்டு பெண்கள் செத்தார்கள். ஐஐடி டெல்லிக்காரர்கள் கான்கிரீட்டில் குளோரைடு ஏறிக் கம்பியைத் தின்றிருக்கிறது, ரிப்பேர் செய்து பயனில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கொச்சி வைட்டிலாவில் ராணுவ நல வீட்டு வசதி அமைப்பு 2018-ல் ஒப்படைத்த சந்தர் குஞ்ச் கோபுரங்கள் ஏழே வருடத்தில் குடியிருக்க லாயக்கற்றுப்போக, பி, சி இரண்டையும் இடித்துக் கட்டித்தரச் சொல்லி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எல்லையைக் காத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் எல்லையோரத்து வாத்தியார் எம்மாத்திரம்? அங்கெல்லாம் நேர்மையான அறிக்கைதான் வேலை செய்தது. ஆனால் அந்த அறிக்கை வருவதற்கு ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்கு நூற்றுக்கணக்கான வீடு வேண்டும், வீட்டுக்காரர்களில் நாலு பேருக்காவது பெரிய இடத்தில் ஆள் தெரிந்திருக்க வேண்டும். சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் 2021-ல் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு கொட்டியது, ஊரே வீடியோவில் பார்த்தது. அதன் பிறகும் அது கொட்டுகிறது என்று சொல்ல ஒரு நிபுணர் குழு போக வேண்டியிருந்தது. அங்கே குடியிருந்த பெண்கள் விரலால் சுரண்டிக் காட்டியது சாட்சியம் இல்லையாம்.

பாலாரிவட்டம் மேம்பாலத்தை மறக்க முடியாது. கொச்சியில் 2016 அக்டோபரில் திறந்தார்கள், 2019 மே மாதம் மூடினார்கள். ஐஐடி மெட்ராஸ் பார்த்தது. 102 கர்டர்களில் 97-ல் வெடிப்பு என்றார்கள். பொறியாளர் இ. ஸ்ரீதரன் பார்த்தார், மேல்பகுதியைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்றார். ஒப்பந்ததாரர் தரப்பு என்ன கேட்டது தெரியுமா? லோடு டெஸ்ட். பாலத்தின்மேல் பாரத்தை ஏற்றிப் பாருங்கள், தாங்கினால் நல்ல பாலம். உயர் நீதிமன்றமும் 2019-ல் சரி என்றது. 97 கர்டர் வெடித்திருக்கிற பாலத்தின்மேல் எடையை ஏற்றிப் பார்ப்பது! தாங்கினால் ஒப்பந்ததாரர் சொன்னது சரி, தாங்காவிட்டால் பாலமே இருக்காது, எந்தப் பாலத்தைப் பற்றி வழக்கு? 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அந்த உத்தரவை ஒதுக்கிவைத்து, அரசு கட்டிக்கொள்ளட்டும் என்றது. டெல்லி மெட்ரோக்காரர்கள் ஆறு மாதத்துக்குள் கட்டி 2021 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். பாலத்தைத் திரும்பக் கட்டியதைவிட, கட்டலாமா என்று நிபுணர்கள் வாதாடியதற்கு அதிக நாள் பிடித்தது.

கருத்து வேறுபாடே கூடாது என்று கேட்கவில்லை. விஞ்ஞானத்தில் அது இருக்கும். ஆனால் எல்லா வேறுபாடும் எப்படி அச்சு பிசகாமல் காசோலை வந்த திசையிலேயே பிரிகிறது?

எங்கள் பக்கத்தில் ஒரு சாட்சி காசு வாங்காமல் வந்ததுண்டு. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதி மிதந்தபோது, எம்.ஆர். பள்ளிப் பக்கம் ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில் பூமிக்குள் இறக்கியிருந்த சிமெண்ட் உறைத் தொட்டியை ஒரு பெண் உள்ளே இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டி அப்படியே தரையைப் பிளந்துகொண்டு மேலே எழுந்து நின்றது. அந்த அம்மாள் தப்பித்துக்கொண்டார். திருப்பதி என்பதால் தேங்காய் உடைக்க வந்தவர்களும் உண்டு. விஷயம் ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சமாசாரம்தான். சுற்றிலும் மண் தண்ணீரில் ஊறி நிற்கிறது, தொட்டி காலியாக இருக்கிறது, எடை போதவில்லை, தண்ணீர் தூக்கிவிட்டது. ஏரிக்கால்களையும் ஓடைகளையும் தூர்த்துப் பிளாட் போட்ட ஊரில் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு அந்தத் தொட்டி ஆள் உயரத்துக்குமேல் எழுந்து நின்று வாக்குமூலம் கொடுத்தது. அதே வாரம் சுவர்ணமுகிக் கரையில் ஒரு வீடு முழுசாக ஆற்றுக்குள் சாய்வதையும் நாடே பார்த்தது. இவ்வளவு சாட்சியம் கைவசம் இருக்க, இன்றும் அந்தப் பக்கம் கட்டும் அடுக்குமாடிகளுக்கு மண் பரிசோதனை அறிக்கையில் ‘நிலத்தடி நீர் கவலைக்குரியதல்ல’ என்று எழுதத் தயாராக ஒரு கை இருந்தால், அந்தக் கையை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் விஷயம். கட்டடக் கலைஞருக்கு இந்த நாட்டில் 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு வேண்டும், தப்புச் செய்தால் பதிவு போகும். டாக்டருக்கு உண்டு, வக்கீலுக்கு உண்டு. பத்து மாடி நிற்குமா விழுமா என்று கணக்குப்போடும் பொறியாளருக்கு நாடு முழுக்கச் செல்லும் உரிமச் சட்டம் இன்னும் இல்லை. வரைவுகள் உண்டு, வரைவுகள் நமக்கு என்றைக்குமே உண்டு. மாநகராட்சிகள் தங்கள் மட்டில் பதிவு வைத்திருக்கின்றன, அங்கே எடுத்தால் இங்கே வந்துவிடலாம். கூண்டில் ஏறி முழுத் தப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினாலும், அடுத்த வாரம் அடுத்த கூண்டு. இங்கிலாந்தில் 2011-ல் ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கில், தன்னை அமர்த்தியவருக்கு அலட்சியத்தால் நட்டம் வரவைத்த நிபுணர் மேல் வழக்குப் போடலாம் என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை நானூறு வருடமாக நிபுணருக்கு இருந்த கவசத்தைக் கழற்றினார்கள். நம்மிடம் கவசம் பத்திரமாக இருக்கிறது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறோம்.

கோபம் எனக்கு இந்த விரிசல்கள் மேல் அல்ல. பெரியப்பாவின் கூரையைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். நிபுணர் வாய் இரண்டு தரப்புக்கும் இரண்டாகப் பேசும்போது நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மௌலிவாக்கத்தில் பார்த்துவிட்டோம்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், போரூர் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி, மழை பெய்துகொண்டிருக்கும்போது அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பலர் கூலிவேலைக்கு வந்த எங்கள் ஆந்திரத்துக்காரர்கள். ஸ்ரீகாகுளம், விஜயநகரம் என்று வடகோடியிலிருந்து குடும்பத்தோடு வந்து, தாங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் நிழலிலேயே தங்கிச் சம்பள நாளுக்குக் காத்திருந்தவர்கள். வளாகத்தின் பெயர் டிரஸ்ட் ஹைட்ஸ். இடிந்த கட்டடம் பிலீஃப், பக்கத்தில் நின்றது ஃபெய்த். அங்கதம் எழுதுகிறவனுக்கு அந்தக் கம்பெனி ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

அப்போது கட்டியவர்கள் தரப்பில் முதலில் வந்த விளக்கம் என்ன? இடி. இடி விழுந்ததால் கட்டடம் விழுந்திருக்கும் என்றார்கள். இடிபாட்டுக்குள் ஆட்கள் உயிரோடு முனகிக்கொண்டிருக்கையில், மேலே வானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். இடிக்கு வக்கீல் இல்லை, வாய்தா வாங்கத் தெரியாது, எதிர்நிபுணர் வைக்க வசதி இல்லை. இவ்வளவு சௌகரியமான பிரதிவாதி இதுவரை கட்டுமான வழக்கில் கிடைத்ததில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தீயணைப்பு வீரர்களும் நாள்கணக்கில் தோண்டி 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது, அறிக்கை 2015-ல் சட்டமன்றத்துக்கு வந்தது. கட்டமைப்பு வடிவமைப்பிலும் கட்டிய விதத்திலும்தான் கோளாறு. வானம் விடுவிக்கப்பட்டது.

அந்தக் கட்டடத்துக்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து இருந்தது. மண் அறிக்கை இருந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் அனுமதி இருந்தது. 11 மாடி எழும்பும்வரை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு நிபுணர் இருந்தார். தூண் எந்த அளவு, கம்பி எத்தனை, மண் எவ்வளவு தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முத்திரை. விழுந்த மறுநாள் அவ்வளவு முத்திரைகளும் எங்கே போயின? சாந்து சுமந்த பெண் மட்டும் தாளில் இல்லை. அவள் கான்கிரீட்டில் எத்தனை மூட்டை போட்டார்கள் என்று தன் தலையாலேயே எண்ணியவள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஃபீஸ்கூட வேண்டாம், சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுத்திருந்தால் போதும்.

மிச்சமிருந்த ஃபெய்த்தை இடிக்கலாமா கூடாதா என்று அடுத்த சண்டை. கலெக்டர் இடிக்கச் சொன்னார். கட்டியவர்கள் இது உறுதியாகத்தான் இருக்கிறது என்றார்கள், தம்பி விழுந்த பிறகும் இரண்டு வருடம் அண்ணன் நல்லவன் என்று சாதித்தார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி, கடைசியில் இடிக்க அனுமதி கிடைத்தது. திருப்பூரிலிருந்து வந்த ஆட்கள் தூண்களில் துளையிட்டு வெடிமருந்து வைத்தார்கள். 2016 நவம்பர் 2-ஆம் தேதி. மதியம் என்றார்கள், இருட்டிவிட்டது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். பிறகு சில நொடி. பக்கத்து வீடுகள்மேல் சாயாமல், திட்டம் போட்டபடி, 11 மாடியும் நின்ற இடத்திலேயே இறங்கியது. அந்த வளாகத்தைப் பற்றி ஒரு நிபுணர் தாளில் எழுதிக் கொடுத்ததும் கட்டடம் செய்ததும் ஒத்துப்போனது அந்த ஒரு சாயங்காலம்தான்.